கைக்குழந்தைக்குச் சளி: எங்கே போவது, எப்போது போவது

என் மகளுக்கு முதல் சளி பிடித்தபோது அவளுக்கு ஐந்து மாதம் முடிந்து பதினோரு நாள். சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அவளைச் சேர்த்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. சளியின் மூன்றாம் நாள் இரவு மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. பாலுக்கு வாய் வைப்பாள், நாலு இழுப்பு இழுப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவாள். கணவர் அவசரப் பிரிவுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். கணவரின் அம்மாவான அத்தை எழுந்து வந்து, கற்பூரம் போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தார். ஈசூனிலிருந்து அம்மா போனில், "விடியட்டும்மா, காலையில பாலிகிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போ" என்றார். பாசத்தில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் சொன்னது மூன்று வழி.

அதற்குப் பிறகு இந்த ஒன்பது மாதத்தில் இன்னும் நான்கு சளி வந்து போயிற்று. வீட்டில் வைத்துப் பார்த்தோம், அரசாங்கத்தின் பொது மருத்துவ நிலையமான பாலிகிளினிக் போனோம், தனியார் டாக்டரிடம் போனோம், ஒருமுறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கும் ஓடினோம். எந்த வழி எந்த நேரத்துக்கு ஏற்றது என்று முதல் இரவே எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ பதற்றம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டர்களும் தாதியரும் சொல்லிக் கேட்டதும், என் குழந்தையிடம் பார்த்ததும்தான் இதில் இருக்கின்றன.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சளிக்கு மருந்து இந்த நான்கு இடத்தில் எங்கேயும் இல்லை. சளி தருகிற வைரஸ்கள் 200க்கும் மேல். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் அது பாக்டீரியா என்று பொருளில்லை, சளி ஆறிவரும்போதும் அந்த நிறம் வரும். பத்துப் பதினான்கு நாளில் தானாகப் போகும், இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். அப்படியானால் டாக்டரிடம் எதற்குப் போகிறோம்? மருந்துக்காக இல்லை, பரிசோதனைக்காக. குழந்தையின் நெஞ்சையும் காதையும் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்வதற்காக. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்ட பிறகு எனக்கு மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிட்டன.

எங்கே போவது என்பதை மூன்று கேள்விகளே முடிவு செய்யட்டும். வயது என்ன? மூச்சு எப்படி இருக்கிறது? பால் எவ்வளவு இறங்குகிறது? மூக்கு எழுப்புகிற சத்தம் அந்தக் கணக்கில் சேராது. கொர் கொர் என்று கேட்டாலே நமக்கு வயிற்றைப் பிசைகிறது, ஆனால் அது பெரும்பாலும் மூக்கில் தேங்கிய சளியின் சத்தம்தான்.

வயதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் யோசிக்க இடமே இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் நேராக அவசரப் பிரிவு. பாலிகிளினிக்கோ, பக்கத்துக் கிளினிக்கோ, விடியட்டும் என்ற பேச்சோ வேண்டாம். அந்த வயதில் பெரிய தொற்றுகூடக் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளம் காட்டாமல் இருக்கக்கூடும். டாக்டர் சொல்லாமல் பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது.

அடுத்தது மூச்சு. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும், குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வேகமான மூச்சு என்று வைத்திருக்கும் எல்லை இது: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல். எண்ணிக்கையைவிட முக்கியமானது நெஞ்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலோ, விலாவுக்குக் கீழோ, தொண்டைக் குழியிலோ தோல் உள்ளே இழுத்துக்கொண்டால், மூக்கு நுனி விரிந்து சுருங்கினால், ஒவ்வொரு மூச்சோடும் முனகல் வந்தால், குழந்தை மூச்சுக்குப் போராடுகிறது என்று பொருள்.

பால் மூன்றாவது. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கடைத்தால் உறிஞ்சவும் முடியாது, மூச்சும் விட முடியாது. பெரியவர்களுக்குத் தும்மலாக முடிவது அவர்களுக்குப் பசியாக முடிவது இதனால்தான். வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்கு மேல் உள்ளே போகிறதா, டயப்பர் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக்கும் குறைந்தாலோ, ஆறு எட்டு மணி நேரம் டயப்பர் காய்ந்தே கிடந்தாலோ டாக்டர் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த முதல் இரவு இவை எதுவும் எனக்குத் தெரியாது. குழந்தைநல வார்டில் வேலை செய்த தோழி ஒருத்தி போனில் எண்ணச் சொன்னாள். 44 வந்தது. நெஞ்சு இழுக்கவில்லை. பால் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கணவர் சட்டையைக் கழற்றினார்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பது சும்மா இருப்பதாகாது. இந்த நான்கில் அதிக வேலை வாங்குவது அதுதான். சளியின் பெரும்பகுதி நாட்களுக்கு அதுவே போதும் என்பது என் முடிவு.

வேலையில் பாதி மூக்கு. கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி எதில் கேட்டாலும் சிறு சிறு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்த 0.9 விழுக்காடு உப்புநீர் கிடைக்கும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, இளகிய சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்ச மூன்று வகைக் கருவிகள் விற்கிறார்கள். ரப்பர் பல்பு மலிவு, ஆனால் அதன் உள்பக்கத்தைக் கழுவிக் காயவைக்க வழியில்லை, பூஞ்சை பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரக் கருவி விலை அதிகம், அதன் சத்தத்துக்கே என் மகள் உடம்பை முறுக்கிக்கொண்டு அழுதாள். கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்டது குழாய் வைத்தது. ஒரு முனை குழந்தையின் மூக்கோரம், மறுமுனை நம் வாயில், நடுவில் சளி நம் வாய்க்கு வராமல் தடுக்க ஒரு வடிகட்டி. எவ்வளவு பலமாக இழுப்பது என்பது நம் கையில் இருக்கும், பிரித்துக் கழுவவும் முடியும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "நாங்க வாயாலேயே உறிஞ்சி எடுப்போம்மா, உன் வீட்டுக்காரனுக்கு அப்படித்தான் எடுத்தேன்" என்றார். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவர் வாயால் செய்ததைத்தான் இந்தக் குழாய் செய்கிறது. அதற்கப்புறம் அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம், மூக்கின் உள்தோல் புண்பட்டு வீங்கினால் அடைப்பு இன்னும் கூடும்.

அத்தையின் மற்ற வைத்தியங்களில் பலவற்றை நான் மறுத்தேன். மறுப்பது எளிதாக இல்லை. அவர் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். ஆனாலும் கற்பூரம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக நின்றேன். கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், நெஞ்சில் தடவியது கைவழியாக வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? விக்ஸிலும் கற்பூரம் இருக்கிறது, இரண்டு வயதுக்குள் அதைத் தடவக் கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாபோல் ஆகலாம். வெந்நீர் ஆவி பிடிக்கப் போய்ச் சுட்டுக்கொண்டால் சளியைவிடப் பெரிய துன்பம். குளிப்பாட்டியதும் போடுகிற சாம்பிராணிப் புகை, மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏற்கனவே வீங்கிய மூச்சுக்குழாய்க்குப் புகைதான். தேன் ஒரு வயதுவரை ஒரு சொட்டும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைத் துவள வைத்துவிடும். வசம்பு, கோரோசனை, உரை மருந்து எதையும் நாக்கில் வைக்கவில்லை, எந்த அளவில் என்ன உள்ளே போகிறது என்று அளக்க வழியே இல்லை. அவரிடமிருந்து நான் அப்படியே எடுத்துக்கொண்டவையும் உண்டு: வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டித் தலையை ஈரம் போகத் துவட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது, விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்திப் போட்டு நடப்பது. தோளில் போட்டால் சளி இறங்குகிறது, அழுகையும் அடங்குகிறது.

தூங்க வைக்கும்போது தட்டையான மெத்தையில் மல்லாக்கத்தான். சளிக்காகத் தலையணை வைப்பதோ மெத்தையைச் சாய்ப்பதோ ஆபத்து. சாரோங் தொட்டில் எங்கள் வீட்டில் பெரிய விவாதமாகிவிட்டது. அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டுகிறது, அடைத்த மூக்கோடு அது எனக்குச் சரியாகப் படவில்லை. சளி நாட்களில் தொட்டிலை அவிழ்த்து வைத்துவிட்டோம். ஈரமூட்டிக் கருவி இங்கே அவசியமில்லை, சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் நேராகக் குழந்தைமேல் அடிக்காமல் இருந்தால் போதும்.

காய்ச்சல் இருந்து குழந்தை துவண்டு கிடந்தால் பாரசிட்டமால். வயதைப் பார்த்து அளக்காமல் எடையைப் பார்த்து அளக்க வேண்டும், ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. இதில் நான் ஒருமுறை தவறு செய்யப் பார்த்தேன். வீட்டில் இரண்டு போத்தல் இருந்தன, ஒன்று 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், இன்னொன்று 5 மில்லிலிட்டரில் 250. ஏழு கிலோ குழந்தைக்கு முதலாவதில் 4.4 மில்லிலிட்டர் வரும், இரண்டாவதில் 2.1தான். தூக்கக் கலக்கத்தில் போத்தலை மாற்றி எடுத்தால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். அன்றே ஒன்றைத் தூக்கிப் போட்டேன். இருமல் சிரப்பும் சளிச் சிரப்பும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தச் சிறுவருக்கும் வேண்டாம்.

நான்காம் நாள் காலை பாலிகிளினிக் போனோம். மூச்சும் பாலும் தாங்குகிற அளவில் இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை, அல்லது காய்ச்சல் மூன்றாம் நாளாக இறங்கவில்லை, காதைப் பிடித்து அழுகிறது என்றால் எனக்குப் பிடித்த வழி இதுதான். ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்துகொண்டு போனால் காத்திருப்பு குறையும். கட்டணமும் குறைவு. டாக்டர் குழந்தையின் சட்டையைக் கழற்றி நெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஸ்டெதாஸ்கோப், பிறகு காது. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், 98. எடை பார்த்தார்கள். உப்புநீரைத் தொடரச் சொன்னார், வேறு மருந்து எழுதவில்லை. அப்போது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இப்போது யோசித்தால் அன்றுதான் முழுமையான சிகிச்சை நடந்தது. பாலிகிளினிக்கின் குறை நேரம்: சனிக்கிழமை அரை நாள், ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. சளி வெள்ளிக்கிழமை இரவில்தான் ஏறும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

அந்த இடைவெளியை நிரப்புவது தனியார் கிளினிக். இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், ஞாயிறும் பார்ப்பார்கள், 24 மணி நேரமும் திறந்திருப்பவையும் உண்டு. குழந்தையைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் குழந்தைநல மருத்துவர் இருந்தால் அது பெரிய பலம், "போன முறையைவிட இப்போ மூச்சு எப்படி" என்று அவரால் ஒப்பிட முடியும். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தது பிறகுதான். அதற்கு முன் ஒரு ஞாயிறு போன ஒரு கிளினிக்கில் மூன்று நிமிடத்தில் ஐந்து போத்தல் கொடுத்தார்கள். அதில் தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமைச் சிரப்பும் இருந்தது. ஏழு மாதக் குழந்தை. வீட்டுக்கு வந்து பெயரைத் தேடிப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாத புரோமெதசின். மூச்சையே அடக்கிவிடக்கூடியது. கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. இன்று தனியார் டாக்டரிடம் போனால் ஒவ்வொரு போத்தலுக்கும் மூன்று கேள்வி கேட்கிறேன்: இது என்ன, இவள் வயதுக்குச் சரியா, கொடுக்காவிட்டால் என்ன ஆகும். நல்ல டாக்டர் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை, பாதிப் போத்தலை அவர்களே எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

காணொளி வழி டாக்டரைப் பார்ப்பது பெரியவர்களுக்குச் சரி. நெஞ்சில் காது வைத்துக் கேட்க முடியாத ஆலோசனை கைக்குழந்தையின் சளிக்குப் போதாது.

இனி அவசரப் பிரிவு. சிறுவர்களுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் அவசரப் பிரிவு அரசாங்க மருத்துவமனைகளில் இரண்டில் உள்ளது: புக்கிட் தீமா ரோட்டில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது கேகேதான். தேக்காவுக்குப் பக்கத்தில், எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரோடு இருந்த மருத்துவமனை, 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். அத்தையும் என் அம்மாவும் எங்களைப் பெற்ற இடம். அதனாலேயே எதற்கெடுத்தாலும் "கேகேக்குப் போயிடலாம்" என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது.

ஆனால் அங்கே வரிசை வந்த நேரத்தைப் பார்த்து நகர்வதில்லை, நோயின் கடுமையைப் பார்த்து நகரும். லேசான சளியோடு போனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டிவரும், கட்டணமும் பாலிகிளினிக்கைவிடப் பல மடங்கு. அத்தனை நேரமும் இருமும் குழந்தைகளுக்கு நடுவில் நம் குழந்தை. வேறொரு வைரஸை வாங்கிக்கொண்டு வீடு திரும்பவும் கூடும். கூடாது என்று சொல்லவில்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

எட்டாம் மாதத்தில் நாங்கள் தெரிந்தே போனோம். சளி பிடித்து நான்காம் நாள், இரவு 1 மணி. மூச்சு 62. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. பாலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், மாலையிலிருந்து டயப்பர் காய்ந்திருந்தது. இந்த முறை யாரும் யாரிடமும் வாதாடவில்லை. நுழைவாயிலில் தாதி சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் நேராக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பிராங்கியோலைட்டிஸ், நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்வது. ஆர்எஸ்வி என்ற வைரஸால்தான் இது அதிகம் வருகிறது, ஒரு வயதுக்குள்தான் அதிகம் பாதிக்கும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மிகவும் மோசமாகும். அங்கேயும் வைரஸைக் கொல்லும் மருந்து கொடுக்கவில்லை. ஆக்சிஜன் கொடுத்தார்கள், மூக்குவழி மெல்லிய குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள், இரண்டு இரவு கண்காணித்தார்கள். வீட்டில் தர முடியாதவை அவைதான், அவசரப் பிரிவு இருப்பதும் அவற்றுக்காகத்தான்.

போகிற வழியைப் பற்றி ஒன்று. உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ, எழுப்ப எழுப்பத் துவண்டாலோ ஆம்புலன்ஸுக்கு 995. மற்றபடி டாக்சி. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நள்ளிரவில் இருக்கையோடு கார் தேடி நின்ற பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பராமரிப்பு நிலையத்துக்கு மறுபடி எப்போது அனுப்புவது என்பது இன்னொரு ஒப்பீடு. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு சளி வருவது இயல்பு. குழந்தை குடியுரிமை பெற்றிருந்தால் ஏழு வயதுவரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்துடன் கூடிய பராமரிப்பு விடுப்பு. இருவருக்கும் சேர்த்து 12 நாள். ஒரு சளியே பத்து நாள் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? இரண்டு வயதுக்குள் சம்பளமில்லாச் சிசுப் பராமரிப்பு விடுப்பு 2024 முதல் ஆளுக்கு 12 நாளாகக் கூடியிருக்கிறது, அதையும் எடுத்தோம். மூக்கொழுகல் முழுசாக நிற்கும்வரை வைத்திருப்பது எங்களால் முடியவில்லை. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகி, பால் பழைய அளவுக்கு வந்ததும் அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். ஆறு மாதம் நிறைந்ததும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுவிட்டோம், சளியை அது தடுக்காது, இன்ஃபுளுவென்சாவின் கடுமையைக் குறைக்கும்.

போன வாரம் ஐந்தாவது சளி. நான் வேலை முடிந்து வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் பால் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை டயப்பர் என்று அத்தையின் கையெழுத்து. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மெத்தை ஓரம் உட்கார்ந்து, குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். நிமிடம் முடிந்ததும், "முப்பத்தாறு" என்றார்.